அங்குலத்துக்கு ஒரு மைல்

சூளகிரி பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருபத்தோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் சென்னகிருஷ்ணன். ஆதார், பட்டா, சாதிச் சான்று, கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம் என்று இந்தப் பக்கத்து மனிதர்களின் நல்லது கெட்டது எல்லாம் என் கண்ணாடிமேல் படுத்து எழுந்தவைதான். என் மெஷினை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அடக்கியவள் இந்த வட்டாரத்தில் ஒருத்திதான். கெம்பசந்திரம் காலனி மாதேஸ்வரி. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் என் மானமும் கொஞ்சம் போகும், போகட்டும்.

மாதேஸ்வரிக்கு வயது முப்பத்தாறு. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக வேலை. பெட்டி தூக்கும் ஹெல்பராகப் போனவள் இன்றைக்கு இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து விழும் பாகத்தை, அளவு எழுதிய டிராயிங்கோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். சரி என்றால் பெட்டிக்குள், தப்பு என்றால் சிவப்புத் தொட்டிக்குள். தினமும் எழுதும் அறிக்கையின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. மாமியார் வெங்கடம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர், கைநாட்டு. "எங்க மருமக கையெழுத்து போட்டாத்தான் லாரியே கெளம்பும்" என்று சந்தையில் நின்று சொல்லுவார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அளவு விஷயத்தில் அவள் ஒரு மாதிரி. என் கடையில் ஒரு முறை ஓரத்தில் அரை எழுத்து வெட்டுப்பட்ட நகலைத் திருப்பிக் கொடுத்தாள். "அது யாருக்கும் தெரியாதும்மா" என்றேன். "எனக்குத் தெரியுதேங்கண்ணா" என்றாள். அன்றிலிருந்து அவளைத் தூரத்தில் பார்த்தாலே கண்ணாடியைத் துடைத்து வைத்துவிடுவேன்.

இனி அவளுடைய வழிப் பிரச்சினைக்கு வருகிறேன். கெம்பசந்திரத்தில் மேல் ஊர் ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி ஒன்று. காலனியிலிருந்து கம்பெனிக்குப் போகிற பெண்கள் விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் ஹைவேயில் நிற்க வேண்டும், பஸ் யாருக்கும் காத்திருக்காது. ஹைவே நேராகப் பார்த்தால் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், விளக்குகூடத் தெரியும். ஆனால் குறுக்கே மேல் ஊர் திம்மராயனின் மாந்தோப்பும் அதைச் சுற்றிய முள்கம்பியும். அதனால் மேல் ஊருக்கு ஏறி, தார் ரோட்டைப் பிடித்து, நாலு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். ராகி அறுக்கும் பருவத்தில் அந்தத் தார் ரோட்டில் யானை நிற்கும். போன வருடம் காவேரி என்கிற பெண் யானைக்குப் பயந்து பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டு வேலையை விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள். பதினேழு பேர் ஏறின இடத்தில் பன்னிரண்டு பேர் ஆனார்கள். பத்துக்குக் கீழே போனால் அந்த நிறுத்தத்தையே எடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

பஸ் நின்றால் பன்னிரண்டு வீட்டிலும் பெண்கள் மறுபடி களைக்கொத்தை எடுக்க வேண்டியதுதான். மாதேஸ்வரிக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

திம்மராயனைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் கல்யாணத்துக்கு நான்தான் பத்திரிகை அடித்தேன். மாமரத்தைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர், பிள்ளையைத்தான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. மாதேஸ்வரி கேட்டதற்கு அவர் சொன்னது இது: "ஏம்மா, நான் வாங்கினப்போ அங்க வழின்னு ஒண்ணு இல்ல. இருந்துச்சுன்னு காட்டு, நானே கம்பிய அறுக்கறேன்." பத்துப் பேர் முன்னால் சொன்னார். சொன்னால் சொன்னதுதான், அந்த விஷயத்தில் அவர் நாணயமான ஆள்.

தாலுகா அலுவலகத்தில் சர்வேயரைப் பார்த்தாள். அவர் படங்களைப் புரட்டிவிட்டு, "இதுல வழி இல்லம்மா. இதுக்கு முந்தின மேப் ஏதாவது கிடைச்சா கொண்டாங்க, பாக்கலாம்" என்றார். வேறு யாராவது என்றால் இது தட்டிக்கழிக்கிற பேச்சு என்று திரும்பியிருப்பார்கள். இவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் தேடி, வெளிநாட்டு நூலகம் ஒன்றின் தளத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய நில அளவை வரைபடத்தைப் பிடித்துவிட்டாள். அதைப் போனில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"இத பெருசா போட்டுத் தரணும்ங்கண்ணா. ஒரு கோடு விடக்கூடாது."

வீட்டு பிளான் போடுவதற்கென்று என்னிடம் ஓர் அகலமான பிரிண்டர் இருக்கிறது. நான் அதைப் பெருமையாகத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினேன். தாள் வெளியே வந்ததும் நானே குனிந்து ஊர் ஊராகத் தேடினேன். சூளகிரி ஒரு கைப்பிடி கறுப்புக் கட்டங்கள். இன்றைக்கு லாரிகள் அலறும் ஹைவே, இரண்டு பக்கமும் மரம் வைத்த ஒற்றைச் சாலை. பெரிய ஷெட் போட்ட கம்பெனிகள் இருக்கிற இடமெல்லாம் நீல நீலமாக ஏரி. குருபரப்பள்ளி இருக்கிறது, சின்ன எழுத்தில். பழுப்புக் கோடுகள் மலைகளைச் சுற்றிச் சுற்றி ஓடின. நான் பாதி பெயரைப் படிக்கவே திணறினேன். அவள் விரல் நேராகப் போய் ஓடைப் பக்கம் நின்றது. பதினோரு வருடம் டிராயிங் பார்த்த விரல் அல்லவா.

மேல் ஊருக்கு அனுமார் கோயிலும் பெயரும் போட்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆறு கறுப்புப் புள்ளிகள். பெயர் கிடையாது.

"இதுதாங்கண்ணா நாங்க" என்றாள்.

அந்த ஆறு புள்ளிகளிலிருந்து இரட்டைப் புள்ளிக்கோடு ஒன்று கிளம்பி, ஓடையைத் தாண்டி, நேராகச் சாலையில் போய்ச் சேர்ந்தது. வண்டித் தடம். ஓடையைத் தாண்டும் இடத்தில் தரைப்பாலம் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. தார் ரோடு வருவதற்கு முன்னால், ஓடைக்கு அந்தப் பக்கத்து வயலுக்குப் போகும் மேல் ஊர் வண்டிகள் உட்பட மொத்த ஊரும் அதில்தான் போயிருக்கிறது. பிறகு விட்டுப்போய், மண்மூடி, தோப்பாகிவிட்டது. அந்தத் தரைப்பாலத்தின் கல் ஒன்று தரையில் கிடைத்தால்கூடப் போதும், திம்மராயனிடம் காட்டிவிடலாம்.

படத்தை வாங்கிப் போனவள் நாலு நாள் கழித்து மறுபடி வந்தாள். முகத்தில் குழப்பம்.

"கோயில்ல இருந்து பாலத்துக்கு எவ்ளோ தூரம்னு நம்பரே போடலீங்கண்ணா. மலைக்கு மட்டும் உயரம் போட்டிருக்குது."

"அளந்து பாரு."

"டிராயிங்க ஸ்கேல் வெச்சு அளக்கக் கூடாது. எழுதியிருக்கிற நம்பரத்தான் எடுக்கணும். எங்க கம்பெனியில எல்லா டிராயிங்லயும் அப்படித்தான் போட்டிருக்கும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேப்பை வைத்துக்கொண்டு அளக்கமாட்டேன் என்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. "அம்மா தாயே, இது நட்டு போல்ட்டு இல்ல, மேப்பு. கீழ பாரு, அங்குலத்துக்கு ஒரு மைல்னு அவனே எழுதி வெச்சிருக்கான்" என்று சொல்லி, கடையில் இருந்த பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை இலவசமாகக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல் நானே வைத்தும் காட்டினேன். கோயிலிலிருந்து பாலம் வரை சரியாக அரை அங்குலம். அப்படியென்றால் அரை மைல். எண்ணூறு மீட்டர். அவள் போனில் கோயிலிலிருந்து எண்ணூறு மீட்டர் கோடு போட்டுப் பார்த்தாள். ஓடைக்கரையில், திம்மராயன் தோப்பின் நடுவில் போய் விழுந்தது.

திம்மராயன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோண்ட அனுமதி கொடுத்தார். காலனிப் பெண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்தார்கள். மேல் ஊர் ஆண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நானும் கடையை மூடிவிட்டுப் போனேன், என் பிரிண்ட் அல்லவா. இடுப்பளவு பள்ளம் இரண்டு தோண்டினார்கள். கல் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது பள்ளத்தில் கடப்பாரை சொட்டுநீர்க் குழாயில் இறங்கி, தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது.

"பாலத்துக்கு முன்னாடி ஆறே வந்துடுச்சுப்பா" என்றார் மேல் ஊர் ராமப்பன். எல்லோரும் சிரித்தார்கள். காலனிப் பெண்களிலேயே இரண்டு பேர் சிரித்தார்கள்.

திம்மராயன் சிரிக்கவில்லை. நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஒரு வாட்டி கேட்ட, விட்டேன். இனிமே என் தோப்புல கடப்பாரை விழக் கூடாது." நியாயமான பேச்சுதான். மாதேஸ்வரி தலையாட்டிவிட்டு, தானே மூன்று பள்ளத்தையும் மூடினாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் பஸ்ஸில் ஏறினவர்கள் பதினொரு பேர்.

பஸ்ஸில் அவளைச் 'சர்வேயர் மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் பதில் பேசவில்லை. பேசாமல் இருந்தாள் என்றால் அளந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு நாள் கம்பெனியில் டிராயிங் பிரிவில் இருக்கும் வினோதா என்ற பெண்ணிடம் போய், பதினோரு வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டிருக்கிறாள். டிராயிங்கை ஏன் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது? வினோதா சாதாரணமாகச் சொன்னாளாம்: "பிரிண்ட் போடறப்போ சுருங்கிடும்க்கா. பேப்பருக்குள்ள அடங்கணும்ல."

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் கடைக்கு வந்தாள். படத்தை மேசையில் விரித்தாள். நான் கொடுத்த அதே பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, படத்தின் அடியில் அச்சாகியிருந்த அளவுகோல் கோட்டின்மேல் வைத்தாள். ஐந்து மைல் என்று போட்டிருந்த கோடு. அங்குலத்துக்கு ஒரு மைல் என்றால் அது ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கேல் நாலு அங்குலம் காட்டியது.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரையில் பிரிண்ட் கட்டளைப் பெட்டியில் 'தாளுக்குள் அடக்கு' என்கிற இடத்தில் டிக் விழுந்திருந்தது. இருபத்தோரு வருடமாக அந்த டிக் அங்கேதான் இருக்கிறது. பெரிய படத்தை என் மெஷின் சத்தமில்லாமல் சுருக்கித் தள்ளியிருக்கிறது. அளக்கமாட்டேன் என்று நின்றவளை அளக்கவைத்ததும் நான், அளந்ததைக் கெடுத்ததும் நான். அத்தனை பேர் நடுவில் சிரிப்பு வாங்கினது மட்டும் அவள்.

"என்னை நாலு வார்த்தை திட்டிடும்மா" என்றேன்.

"திட்டி என்னாத்துக்குங்கண்ணா. தாளு சுருங்குனா கோடும் கூடவே சுருங்குது பாருங்க. அந்தக் கோட்ட வெச்சே அளந்தா தப்பு வராது."

ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் கோயிலுக்கும் பாலத்துக்கும் குறி வைத்தாள். அதை அப்படியே கீழே இறக்கி அளவுகோல் கோட்டில் வைத்தாள். அரை மைலைத் தாண்டி நின்றது. கணக்குப் போட்டாள். ஆயிரம் மீட்டர். நாங்கள் இருநூறு மீட்டர் முன்னாலேயே தோண்டியிருக்கிறோம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதோடு, சொல்லாமல் என்ன, அவளைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வராதே என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். கோயிலிலிருந்து போன் காட்டிய கோட்டில் ஓடைக்கரையோடு நடந்தோம். தோப்பின் கீழ்க்கம்பி முடிகிற இடம் வந்தது. ஆயிரம் மீட்டர் காட்டிய இடத்தில் வெங்கடம்மா உட்கார்ந்து போர்வை துவைத்துக்கொண்டிருந்தார்.

அது காலனியின் துவைக்கிற துறை. ஓடையின் குறுக்கே பெரிய பெரிய கல்லாக அஞ்சாறு கிடக்கும். மழைக்காலத்துக்குப் பிறகு முழங்கால் தண்ணீர் நிற்கும். ஓடைப் புறம்போக்கு, யார் அனுமதியும் வேண்டாம். மாதேஸ்வரி சுற்றிலும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அளக்கறவ அந்தாண்ட நின்னு அள. துணிய மிதிக்காத" என்றார் வெங்கடம்மா. கையிலிருந்த நீலச் சோப்பைக் கல்லில் இருந்த பள்ளத்தில் வைத்தார். அந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். பள்ளத்தில் வைத்தால் சோப்பு வழுக்காது.

மாதேஸ்வரியின் கண் சோப்பில் நின்றது.

"அத்தே, கொஞ்சம் எழுந்திருங்க."

"போர்வ பாதில நிக்குது."

"எழுந்திருங்க அத்தே."

சோப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மண்டியிட்டாள். பள்ளத்தில் விரலை ஓட்டினாள். அது நீளமாக, கல்லின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. அடி உருண்டையாக, வழவழவென்று இருந்தது. "உளியில வெட்டுனா இப்படி வராதுங்கண்ணா. உருண்டு உருண்டு தேஞ்சாத்தான் வரும். தெனம் பாக்கறேன், தேய்மானம் எனக்குத் தெரியும்." அதே கல்லில் அந்தப் பக்கம் இன்னொரு பள்ளம். டேப்பை வைத்தாள். அடுத்த கல்லுக்குப் போனாள். பாசியைச் சுரண்டினாள். அங்கேயும் இரண்டு பள்ளம். அதே அளவு. மூன்றாவது கல்லில் மண்ணைக் கையாலேயே தள்ளினாள். அதே அளவு. கல் வரிசை நேராகத் தோப்பின் கீழ்க்கம்பிக்கு அடியில் போய் மறைந்தது.

வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் துணி துவைத்தது அந்தத் தரைப்பாலத்தின் மேல்தான். வெங்கடம்மா தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஐம்பது வருடமாகச் சோப்பு வைத்ததும் அதில்தான்.

திம்மராயனுக்கு ஆள் அனுப்பினோம். குழாய் உடைந்த கோபம் ஆறாமல்தான் வந்தார். பள்ளங்களைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். "சோப்பு வைக்கறதுக்கு யாரோ செதுக்கினதும்மா இது" என்றார்.

"உங்க வீட்டு முன்னாடி உங்க தாத்தா வண்டி நிக்குதேங்கண்ணா. அதோட சக்கரத்துக்கு நடுவுல எத்தினி அளவுன்னு பாருங்க. ஒத்து வரலன்னா நான் இனிமே வாயத் திறக்கல."

அந்த வண்டியைத் திம்மராயன் வார்னிஷ் அடித்து, அழகுக்காக வாசலில் நிறுத்தியிருந்தார். அளவெடுத்து வர ஆள் அனுப்பியிருக்கலாம். அவர் வண்டியையே டிராக்டரில் கட்டி இழுத்து வந்துவிட்டார். அதுதான் அந்த மனிதரின் குணம். நாலு பேர் பிடித்து வண்டியை ஓடையில் இறக்கினோம். கல்மேல் ஏற்றினோம். சக்கரம் கொஞ்ச தூரம் தத்தளித்தது, பிறகு இரண்டும் ஒன்றாகப் பள்ளத்தில் இறங்கி அடங்கின. ஒரு தள்ளு தள்ளினோம். வண்டி தானாகவே அடுத்த கல்லுக்குப் போனது.

"சரியாய்த்து" என்றார் திம்மராயன், கன்னடத்தில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. அவர் மனசு அசைந்தால் கன்னடம்தான் வரும். பிறகு தமிழில் சொன்னார்: "எங்க தாத்தா போன வழிய நானே அடைச்சிருக்கேன்."

அதுவரை ஈரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற வெங்கடம்மா, அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"வண்டியில உக்காந்து போனது உங்க தாத்தா, கவுடரே. சரி. இவ்ளோ பெரிய கல்ல ஓடைக்குத் தூக்கியாந்து போட்டது யாருன்னு அந்த மேப்புல எழுதியிருக்குதா?"

எனக்கு அந்த ஆறு புள்ளிகள் ஞாபகம் வந்தன. திம்மராயன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். டிராக்டரில் இருந்த கட்டரை எடுத்து வந்து, வேறு யார் கையிலும் கொடுக்காமல், கீழ்க்கம்பியை அவரே அறுத்தார். தோப்பின் ஓரமாகப் பன்னிரண்டடி அகலத்துக்கு வழி விட்டார். இரண்டு இளம் மரங்களைப் பெயர்த்து உள்ளே நட்டார். ஒன்று பிழைத்தது.

வழி திறந்த முதல் நாள் நான் விடியற்காலையிலேயே ஹைவேக்குப் போய் நின்றேன். தோப்புக்குள்ளிருந்து பேச்சும் சிரிப்பும் முதலில் வந்தன. பிறகு பெண்கள் வந்தார்கள். எண்ணினேன். பதினாறு பேர். கடைசியில் லேசாகக் காலை இழுத்துக்கொண்டு காவேரி. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் வந்துவிட்டோம் என்று மாதேஸ்வரி சொன்னாள். டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அவருக்கு முன்னால் இவர்கள் வந்து நின்றார்கள்.

அந்த வாரமே சர்வேயருக்குக் கொடுப்பதற்காக இன்னொரு பிரதி கேட்டு வந்தாள். நான் அந்த டிக்கை எடுத்துவிட்டு, உண்மையான அளவில் இரண்டு தாளில் போட்டு ஒட்டினேன். கொடுப்பதற்கு முன் அவள் கண்ணெதிரிலேயே ஸ்கேலை அளவுகோல் கோட்டின்மேல் வைத்துக் காட்டினேன். ஐந்து மைல், ஐந்து அங்குலம். தலையாட்டினாள். அவளிடமிருந்து தலையாட்டல் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

படத்தின் ஓரத்தில், அந்தக் காலத்தில் அளந்தவர்கள், வரைந்தவர்கள், அச்சிட்டவர்கள் என்று துரைமார் பெயர்கள் பொடியாக இருந்தன. மாதேஸ்வரி என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். முதலில் அந்த ஆறு புள்ளிகளுக்குப் பக்கத்தில் 'கெம்பசந்திரம் காலனி' என்று எழுதினாள். பிறகு கீழே வந்து, துரைமார் பெயர்களுக்கு அடியில், ஸ்கேல் வைத்து ஒரு சின்னக் கட்டம் போட்டாள். கட்டத்துக்குள் 'சரிபார்த்தவர்' என்று எழுதி, கம்பெனியில் தினமும் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டாள்.